மூன்றாவது ரூட்டர் வாங்கும் முன்: பாளையங்கோட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அக்கா போன் செய்தபோது முடிவையே எடுத்துவிட்டிருந்தாள். "இந்த ரூட்டரும் சரியில்லடா. நல்லதா ஒண்ணு சொல்லு, இன்னைக்கே ஆர்டர் போட்டுருதோம்." வாங்கியிருந்தால் இரண்டரை வருடத்தில் அது மூன்றாவது. முதலாவது, இணைப்பு கொடுத்தவர்களே மாட்டிவிட்டுப் போனது. இரண்டாவது என் சிபாரிசு. நாலு ஆண்டெனா, பெட்டியின் மேல் 1200 என்று கொட்டை எழுத்து, விலையும் குறைவு. வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்காமல் போனிலேயே "இதை வாங்கு" என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சொந்த அக்கா வீட்டுக்கு அரை நிமிட யோசனை.

அதனால் இந்த முறை ஒன்றும் வாங்க வேண்டாம், டிசம்பர் கடைசியில் லீவுக்கு வருகிறேன், அதற்குள் எனக்கு ஒரு வேலை செய்து வை என்றேன். நெட் போகும்போதெல்லாம் மணியையும், பெட்டியில் எந்த லைட் எப்படி எரிகிறது என்பதையும் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். கீழ்த்தளம் எண்பதுகளில் கட்டியது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மாடி பிற்பாடு எடுத்தது. நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ஹாலில் டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழை வந்து முடியும் பைபர் பாக்ஸும், அதிலிருந்து வைஃபை தரும் ரூட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒட்டினாற்போல் இரும்பு பீரோ. அக்கா மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் அறை மாடியில், பின்கட்டுக்கு மேலே. ஹாலிலிருந்து அந்த அறைக்கு நூல் பிடித்தால் இரண்டு சுவர், ஒரு தளம், போதாததற்கு பீரோ. பிளான் 150 எம்பிபிஎஸ்.

குறை என்னவென்று கேட்டால் மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "நெட் சரியில்லை." அத்தானுக்கு அது சாயங்காலச் செய்தி பாதியில் நிற்பது. அக்கா மகளுக்கு மீட்டிங்கில் குரல் உடைவது. அக்காவுக்கு, கரண்ட் போய் வந்தபின் பத்து நிமிடம் காத்திருப்பது. ஒரே பெயரில் மூன்று நோய் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் முறை எனக்கும் தோன்றவில்லை.

பால் கணக்குக் காலண்டர்

அக்கா தனியாக நோட்டு எதுவும் போடவில்லை. சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தாள். போன மூன்று ஆண்டில் நான் பார்த்த எந்த நெட்வொர்க் அறிக்கையையும்விட அது தெளிவு.

"செவ்வாய் 6.20 சிவப்பு லைட்." "செவ்வாய் 8.45 எல்லா லைட்டும் அணைஞ்சு வந்துச்சு." "வியாழன் 6.15 சிவப்பு." "வெள்ளி 9.05 எல்லாம் அணைஞ்சு வந்துச்சு." "சனி 2.10 சிவப்பு (மழை)." இடையிடையே மகள் கையெழுத்தில்: "லைட் எல்லாம் பச்சை, என் ரூம்ல மட்டும் வரல."

படித்தவுடனே மூன்று கட்டாகப் பிரிந்துவிட்டது. சிவப்பு லைட் பைபர் பாக்ஸுடையது. கண்ணாடி இழையில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்கும் ரூட்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரம் ரூபாய் ரூட்டர் வைத்தாலும் ஐம்பதாயிரம் ரூபாய் ரூட்டர் வைத்தாலும் அந்த 6.20-க்கு நெட் போகத்தான் போகும். எல்லா லைட்டும் அணைந்து வருவது மின்சாரச் சங்கதி. மூன்றாவதுதான் வைஃபை. முதல் இரண்டும் சாயங்காலத்தில் வந்ததால் எல்லாம் ஒன்றாகத் தெரிந்து, பழி முழுக்க ரூட்டர் தலையில் விழுந்திருக்கிறது.

சிவப்பு லைட்டை முதலில் எடுத்தேன். மழைக்கும் பைபருக்கும் என்ன உறவு? இழைக்குள் ஓடுவது வெளிச்சம். நனைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. இணைப்புப் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் செவ்வாயும் வியாழனும் மழையே இல்லை, நேரம் மட்டும் ஆறே கால், ஆறு இருபது. "ஆறு மணிக்கு என்னக்கா பண்ணுவீங்க?" "என்ன பண்ணுவோம், விளக்கேத்துவேன். கொசு வரும்னு ஜன்னலைச் சாத்துவேன்." மழை பெய்தாலும் அதே ஜன்னலைத்தான் சாத்துவாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தெருக் கம்பத்திலிருந்து வரும் பைபர் ஹால் ஜன்னல் சட்டத்தின் மூலை வழியாக உள்ளே வருகிறது. கதவைச் சாத்தினால் மரச்சட்டம் அந்த ஒயரைச் சுவரோடு அழுத்தி மடக்குகிறது. தாமிர ஒயரை மடக்கினால் மின்சாரம் வளைந்து ஓடிவிடும். கண்ணாடி இழையை முடக்கினால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும்.

பைபர் பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு எழுதியிருக்கும். மடிக்கணினியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஜன்னலைச் சாத்துக்கா" என்றேன். திறந்திருந்தபோது மைனஸ் 22.4 டிபிஎம் (வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக வலிமை குறைவு). சாத்தியதும் மைனஸ் 27.8. வீட்டு இணைப்புகளில் பரவலாக இருக்கும் ஜிபான் என்ற பைபர் முறையில் பாக்ஸ் தாங்கும் எல்லை பெரும்பாலும் மைனஸ் 27. அதற்குக் கீழே அதிர்ஷ்டம் இருந்தால் ஓடும். தாழ்ப்பாளையும் இறுக்கிப் போடச் சொன்னேன். சிவப்பு. "திற" என்றதும் ஒரு நிமிடத்தில் பச்சை. இதை நாலு தடவை செய்தோம், நாலாவது தடவை அத்தானே வந்து சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, "ஜன்னலுக்கா மாப்ள ரெண்டு ரூட்டர் வாங்கினேன்?" என்றார். மறுநாள் கேபிள்காரத் தம்பி வந்து சட்டத்தின் ஓரச் சுவரில் துளை போட்டு ஒயரை அதன் வழியாக எடுத்துக் கொடுத்தார். செலவு இருநூறு ரூபாயும் ஒரு டீயும்.

அடாப்டர்

எல்லா லைட்டும் அணைந்து வருவதற்குக் காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. ரூட்டரின் அடியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. சொருகியிருந்த அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர். ஐப்பசி இடியில் அசல் அடாப்டர் போய்விட, பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரை அத்தான் மாட்டியிருக்கிறார். முள் பொருந்தியது, லைட் எரிந்தது, போதும் என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட அடாப்டரைச் சும்மா மீட்டரில் பிடித்தால் ஒழுங்கான பிள்ளையாக 12.2 காட்டும். பாரம் ஏறும்போதுதான் குணம் தெரியும். அதற்காகவே ஒரு சிறு துண்டு ஒயர் வைத்திருக்கிறேன். ஒரு முனையில் ஆண் முள், மறுமுனையில் பெண் முள், நடுவில் தோல் சீவிய இடம். அதை இடையில் கோத்து மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கையில் 11.5. டிவியில் படம், இரண்டு போனில் வீடியோ, மடிக்கணினியில் பெரிய டவுன்லோட் என்று எல்லாவற்றையும் ஓடவிட்டதும் 10.6 வரை இறங்கியது. அடுத்த கணம் ரூட்டர் அணைந்து மறுபடி துவங்கியது. அதற்கும் கீழே எவ்வளவு இறங்கியது என்று காட்ட என் மீட்டருக்கு வேகம் போதாது. இரவு எட்டரைக்கு மேல்தான் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டில் இருப்பார்கள்; காலண்டரின் 8.45-க்கும் 9.05-க்கும் விடை அதுதான். போதாக்குறைக்கு, மூடிய ஷோகேஸின் சூட்டில் அடாப்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்களும் காய்ந்துகொண்டே வரும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம்பகமான ரூட்டர் எது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அடாப்டர் எப்படி என்றுதான். நான் பார்த்த வரையில் ரூட்டருக்கு முன்பே அதன் அடாப்டர்தான் சாகிறது. மாற்று வாங்கும்போது வோல்ட் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், 'ஆர்' என்று துவங்குவது, அடாப்டர் உடம்பில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம் இது.

மாடி அறை

மூன்றாவது குறையில்தான் ரூட்டர் உண்மையாகவே உள்ளே வருகிறது. போனில் சிக்னல் அளக்கும் ஆப்பைப் போட்டு நடந்தேன். இதுவும் டிபிஎம் கணக்குத்தான். ஹாலில் மைனஸ் 42. மாடிப்படித் திருப்பத்தில் மைனஸ் 61. அக்கா மகள் மேசையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டை மைனஸ் 84, 2.4 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 71. பத்து எண் இறங்கினால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது. வீடியோ மீட்டிங் தடங்கலின்றி ஓட மைனஸ் 67-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வைத்துக்கொள்ளும் கணக்கு.

2.4-ல் சிக்னல் ஓரளவு வந்தாலும் வேகம் வரவில்லை. அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அந்த மேசையிலிருந்து அக்கம்பக்கத்து வைஃபை பதினான்கு தெரிந்தன. அவற்றில் சில 3-லும் 8-லும் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்காரர்களையும் கெடுத்துக்கொண்டிருந்தன. 5 கிகாஹெர்ட்ஸில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 2018 அக்டோபரில் இந்திய அரசு அந்தப் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் வாங்காமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவரும் தளமும் ஆகாது.

"எட்டு ஆண்டெனா உள்ளதா வாங்குனா மேல வருமா மாமா?" என்று கேட்டாள். வராது. ரூட்டர் எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு. ஆண்டெனாவைக் கூட்டினால் அந்த வரம்பு கூடாது. அப்படியே ரூட்டர் உரக்கக் கத்தினாலும், பதில் சொல்ல வேண்டியது கையில் இருக்கும் போன். அதன் குரல் சின்னது. மீட்டிங்கில் அவளுக்கு எல்லோர் குரலும் கேட்டு, அவள் குரல் மட்டும் உடைந்துகொண்டிருந்ததும் இதனால்தான்.

மெஷ், அதாவது தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் பெட்டிகள், வாங்கலாமா என்று அத்தான் கேட்டார். ஒயர் இல்லாத மெஷ் என்றால் கீழ்ப்பெட்டியும் மேல்பெட்டியும் பேசிக்கொள்வது அதே கான்கிரீட் தளம் வழியாகத்தான். மலிவு இரட்டைப் பட்டை மெஷ்களில் கிடைக்கும் வேகத்தில் பாதி அந்தப் பேச்சுக்கே போய்விடும். சொந்த வீடு, ஒயர் இழுக்கலாம், எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அப்படியிருக்க எதற்குத் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? மாடிக்கு ஒரு லான் கேபிள், அதன் முனையில் இன்னொரு பெட்டி. முடிவு.

என் பழைய சிபாரிசின் லட்சணம்

பைபரையும் அடாப்டரையும் சரிசெய்தபின் ஹாலிலேயே வேகம் பார்த்தேன். 93. மறுபடி 94. 150-க்குப் பணம் கட்டுகிறார்கள். ரூட்டரைத் திருப்பிப் பார்த்ததும் முகம் சுருங்கியது எனக்குத்தான். பின்பக்க லான் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை. பெட்டியில் 1200 என்று போட்டது 2.4-ன் 300-ஐயும் 5-ன் 867-ஐயும் கூட்டி, வட்டமாக்கிய எண். காற்றில் கோட்பாட்டளவில் ஓடக்கூடியது. நெட் உள்ளே நுழையும் வாசல் நூறுதான். பத்து வழிச்சாலை போட்டு முகப்பில் ஒற்றைத் தடச் சோதனைச்சாவடி வைத்தது போல. இந்த விவரத்தை விற்பனைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படிக்கவில்லை.

ஆக, ரூட்டர் வாங்க வேண்டியதுதான். ஆனால் அக்கா நினைத்த காரணத்துக்காக அல்ல. இந்தத் தடவை பார்த்தது இவை.

எல்லாத் துளைகளும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அடுத்து, வைஃபை 6 (வைஃபையின் தலைமுறை எண் அது). வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் துவங்கி, இன்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் பெரிய வலுவான 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் வரும், விலை குறைந்த வைஃபை 7 பெட்டிகள் பலவற்றில் அந்தப் பட்டையே கிடையாது. இந்த வீட்டில் உள்ள ஆறு போனில் நாலு வைஃபை 5. அதனால் 1800 வகுப்பே போதும் என்று வைத்தேன். (அந்த 1800-உம் 574, 1201 இரண்டின் கூட்டல்தான். இப்போது சின்ன எழுத்தைப் படிக்கிறேன்.)

மாடல் பெயர் சொல்லச் சொல்லிப் பலர் கேட்பார்கள். பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி, வீட்டு ரூட்டர்களிலேயே அதிகம் கொண்டாடப்பட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் திட்டமே அதை வைத்துத்தான் 2004-ல் பிறந்தது. ஆனால் 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், வெளித்தோற்றம் அப்படியே இருக்க, நினைவகத்தை 16 எம்பியிலிருந்து 8-ஆகவும், மென்பொருள் உறையும் இடத்தை 4-லிருந்து 2-ஆகவும் குறைத்து, உள்ளே ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தையும் மாற்றிவிட்டார்கள். நண்பர் வீட்டில் நன்றாக ஓடுகிறதே என்று வாங்கியவர்கள் கையில் வேறொரு சாமான். அந்த வழக்கம் இன்றும் போகவில்லை. பெட்டியின் அடியில் பதிப்பு எண் இருக்கும். தயாரிப்பாளர் தளத்தில் அந்தப் பதிப்பு எண்ணைத்தான் தேட வேண்டும், மாடல் பெயரை அல்ல.

அந்தத் தளத்தில் நான் பார்ப்பது ஒரே விஷயம்: மென்பொருள் புதுப்பிப்புகளின் தேதிகள். அக்கா வீட்டுப் பழைய ரூட்டருக்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. புதிதாக வாங்கியதற்கு அதே ஆண்டில் இரண்டு வந்திருந்தன. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரூட்டர் வீட்டின் வாசற்கதவு. 2016-ல் மிராய் என்ற தீநிரல் மாற்றப்படாத கடவுச்சொற்களை வைத்தே கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த நவம்பரில் அதன் ஒரு வகை ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் ஒன்பது லட்சம் பேரின் இணைப்பைச் சாய்த்தது. நம் பக்கத்திலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் தாக்கப்பட்டு, 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஊருக்கெல்லாம் ஒரே கடவுச்சொல் வைத்து விற்கக் கூடாது, எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக: டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை), அக்சஸ் பாயின்ட் மோடு (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் மாற்றித் தரும் நிலை), சுவரில் மாட்டத் துளை, அடியிலும் பக்கத்திலும் காற்றுத் துவாரம், திருநெல்வேலிக்குள் சர்வீஸ் சென்டர். கடைசியாகச் சொன்னதை ஏளனமாக நினைக்க வேண்டாம். ஐப்பசி இடி வருடாவருடம் வரும்.

ஒரே மாடலில் இரண்டு வாங்கினோம். பழையதை மாடிக்கு வைத்தால் மிச்சம்தானே என்று அத்தான் சொன்னது நியாயம்தான். ஆனால் புதுப்பிப்பு நின்றுபோன பெட்டியில் மகளின் ஆபீஸ் வேலை ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒயர் இழுத்த கதை

கேபிள் வாங்கப் போன முதல் கடையில் மீட்டர் விலை சந்தேகத்துக்கிடமான மலிவு. ஒரு துண்டு கேட்டு வாங்கி, உள்ளிருந்த இழையைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. பத்தடிக்குப் பரவாயில்லை, சுவருக்குள் இருபத்திரண்டு மீட்டருக்குப் போட்டால் வளைக்கிற இடத்தில் முறியும். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல்லயே நல்லதா கேட்டிருக்கலாம்லா சார்" என்று வேறு பெட்டியைத் திறந்தார்.

இழுத்து, கிரிம்ப் செய்து (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி), சொருகினால் மடிக்கணினி 100 எம்பிபிஎஸ் என்றது. மறுபடியும் நூறு! நூறுக்கு இரண்டு ஜோடி ஒயர் போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். டெஸ்டரை மாட்டினேன், லைட் 1, 2, 3 என்று ஓடி வந்து 7-ல் எரியாமல் 8-க்குத் தாவியது. வெள்ளைப் பழுப்பு இழை முனை வரை போய்ச் சேரவில்லை. பிளக்கை வெட்டியெறிந்து மறுபடி கிரிம்ப் செய்ததும் ஆயிரம். பிழைப்பே இதுதான் என்று ஆரம்பத்தில் பெருமையாக எழுதியிருக்கிறேன், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்பெட்டியை ஷோகேஸிலிருந்து எடுத்து, பீரோவை விட்டுத் தள்ளி, படிக்கட்டைப் பார்த்த சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டினோம். மேல்பெட்டி அக்சஸ் பாயின்ட் மோடில், அதே வைஃபை பெயர், அதே கடவுச்சொல், 2.4-ல் கீழே சானல் 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பைபர் பாக்ஸின் சொந்த வைஃபையை அணைத்தேன். பாக்ஸுக்கும் கீழ் ரூட்டருக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று. இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்துத்தான் அதை வாங்க வேண்டும், இல்லையென்றால் பழைய அடாப்டர் கதை திரும்பும். கரண்ட் போனாலும் இரண்டு பெட்டியும் அணையாததால் அக்காவின் பத்து நிமிடக் காத்திருப்பு போயிற்று.

மாடி மேசையில் இப்போது 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 45. வேகம் 148, 150.

ஆறு வாரம் காலண்டரைத் தொடரச் சொன்னேன். மாசியில் அக்கா அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரே ஒரு சிவப்பு லைட்: தெருமுனையில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் பைபரை அறுத்துவிட்டார்கள், நாலு மணி நேரம். மற்ற கட்டங்களில் பால் கணக்கு மட்டும்.

அத்தான் இப்போது மொட்டை மாடியில் சிக்னல் வரவில்லை என்கிறார். அங்கே அவரை நடக்க அனுப்புவதே போனை விடுவதற்காகத்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் அதில் தலையிடவில்லை.